மூக்கை மட்டும் நம்பலாமா?

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுப்பால் நாற்றம் ஆயுளுக்கும் மறக்காது. பால் கெடாமலிருக்க ஊற்றும் அம்மோனியாவையும், உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தையும் முகர்ந்தே பிரித்துச் சொல்வார்கள். ஆனால் மூக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே வாடையில் சிறிது நேரம் இருந்தால் அது பழகிவிடும். ஆபத்து மட்டும் விலகாது.

2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் நடந்ததை நாம் மறக்கவில்லை. சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் ஆவி காற்றில் கலந்தது. அதை முதலில் உணர்த்தியது கருவியல்ல. பள்ளிப் பிள்ளைகளின் மூச்சுத்திணறலும் வாந்தியும்தான். 111 பள்ளிகள் மூடப்பட்டன.

நாம் அன்றாடம் பார்க்கும் ஐ.பி.யு. எனும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு நுண்துகள், ஓசோன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, சல்பர் டையாக்சைடு ஆகியவற்றையே கணக்கிடுகிறது. தொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்களின் ஆவி அதில் சேராது. குறியீடு ‘நன்று’ என்று காட்டும் நாளிலும் பள்ளித் திடலில் நச்சு ஆவி இருக்கலாம்.

இந்த இடைவெளியை நிரப்ப குவார்ட்ஸ் படிகம் உதவும். கைக்கடிகாரத்தில் விநாடிக்கு 32,768 முறை துடித்து நேரம் காட்டுவதும் இதே படிகம்தான். உணரியில் இருக்கும் மெல்லிய தகடு விநாடிக்கு சுமார் 1 கோடி முறை அதிரும். அதன்மேல் ஆவியை உறிஞ்சும் பூச்சு ஒன்றைத் தடவுவார்கள். ஆவி படிந்தால் எடை கூடும், துடிப்பு குறையும். ஒரு சதுர செண்டிமீட்டரில் சுமார் 4.4 நானோகிராம் ஏறினாலே விநாடிக்கு ஒரு துடிப்பு குறையும். எடைக்கும் துடிப்புக்கும் உள்ள இந்தக் கணக்கை ஜெர்மனியின் சௌவர்பிரை 1959இல் வகுத்தார். 1964இல் அமெரிக்காவின் கிங், பூச்சிட்ட படிகத்தால் ஆவிகளைக் கண்டறிந்து காட்டினார்.

குறைகளும் உண்டு. நம் நாட்டின் ஈரப்பதமே பூச்சில் ஏறி ஏமாற்றும். ஒரே பூச்சு பல ஆவிகளுக்கு அசைந்து கொடுக்கும். ஆகவே வெவ்வேறு பூச்சுள்ள பல படிகங்களைச் சேர்த்து வைத்து, ஈரத்தையும் வெப்பத்தையும் தனியே அளந்து கழிக்க வேண்டும். அடிக்கடி சரிபார்க்கவும் வேண்டும். படிகம் மலிவு, பராமரிப்புதான் செலவு. இது தீர்ப்பு சொல்லும் நீதிபதியல்ல, குரைத்து எழுப்பும் காவல்நாய். என்ன ஆவி, எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடம்தான் உறுதிசெய்ய வேண்டும்.

தங்கா பத்து வட்டாரத்தில், சுங்கை ஊடாங்கில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை உள்ளது. அதைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. பாசிர் கூடாங்கில் ஊரைப் பாதித்தது ஆலையின் புகைபோக்கி அல்ல, ஆற்றில் கொட்டப்பட்ட கழிவு. அப்படிக் கொட்டுவது எந்த ஊரிலும் நடக்கலாம். தொழிற்பேட்டைகளுக்கு அருகிலுள்ள பள்ளிகளில் இத்தகைய உணரிகளைச் சோதனையாகப் பொருத்தலாம். அளவு ஏறினால் சுற்றுச்சூழல் துறைக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரே நேரத்தில் தகவல் போக வேண்டும். பதிவுகளைப் பெற்றோரும் பார்க்க முடிய வேண்டும்.

அடுத்த முறையும் நம் பிள்ளைகளின் நுரையீரலே உணரியாக இருக்கக் கூடாது.