மின்கம்பியைத் தொடும் கிளைக்கு யார் பொறுப்பு?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது நாட்டின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. மரங்கள் முறிந்து மின்கம்பிகள் மீது விழுந்ததும் அதற்கு ஒரு காரணம். புயலை எம்மால் தடுக்க முடியாது. ஆனால் எமது ஒழுங்கைகளில் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளைகள் ஒரே இரவில் வளர்ந்தவை அல்ல.

நான் கற்பிக்கும் பாடசாலைக்கு அருகில், ஒரு வீட்டு வளவில் மாமரம் ஒன்று நிற்கிறது. அதன் கிளைகளுக்கு நடுவேதான் கம்பி செல்கிறது. காய்க்கும் காலத்தில் மாணவர்கள் அதில் ஏறுகிறார்கள். வீட்டுக்காரரோ, "கம்பி அவர்களுடையது, அவர்களே வெட்டட்டும்" என்கிறார். ஓர் அலுவலகத்தில் முறையிட்டேன். மரம் தனியார் காணியில் நிற்கிறது என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், வீதியோர மரங்கள் மட்டுமே தமது பொறுப்பு என்றார்கள். மூவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. கிளையோ வளர்ந்துகொண்டே இருக்கிறது.

கம்பியில் அமரும் காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதால் பிள்ளைகள் ஏமாந்துவிடுகிறார்கள். மரத்தில் நிற்பவரின் நிலை வேறு. மரம் நிலத்தில் வேரூன்றியிருப்பதால், ஈரமான கிளை வழியாகவும் அவரது உடல் வழியாகவும் மின்சாரம் நிலத்துக்குப் பாயலாம். வீடுகளுக்கு வரும் 230 வோல்ட்டே உயிரைப் பறிக்கப் போதும். உயர் அழுத்தக் கம்பிகளில் செல்வதோ 11,000 அல்லது 33,000 வோல்ட். அவற்றைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே ஆபத்து.

அறுந்து விழுந்த கம்பியில் தீப்பொறி இல்லை என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது. உலர்ந்த மணல் மின்சாரத்தை நன்கு கடத்தாது. அதனால் பியூஸ் எரியாமல், கம்பியில் மின்சாரம் அப்படியே இருக்கலாம். குறைந்தது 10 மீற்றர் விலகி நின்று, மற்றவர்களையும் தடுத்து, 1987 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அதிகாரிகள் வரவில்லையென்று நாமே கத்தியுடன் மரத்தில் ஏறுவது உயிரோடு விளையாடுவதாகும்.

கிழக்கில் ஒக்டோபர் கடைசியில் மாரி தொடங்குகிறது. அதற்கு முன்னர் செப்டெம்பரிலேயே இந்த வேலையை முடித்துவிடலாம். கம்பியைத் தொடும் மரங்களின் பட்டியலை கிராம உத்தியோகத்தர் தயாரிக்கட்டும். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுக்கட்டும். குறித்த ஒரு நாளில் மின்விநியோக ஊழியர்கள் மின்சாரத்தைத் துண்டித்துக் கிளைகளை வெட்ட, பிரதேச சபையின் உழவு இயந்திரம் அவற்றை அன்றே ஏற்றிச் செல்லட்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மூன்று தரப்பும் ஒரே நாளில் ஒரே வீதிக்கு வந்தால் போதும்.

எமக்கும் ஒரு பங்கு உண்டு. கம்பிக்குக் கீழே தென்னையும் மாவும் வேம்பும் நடுவதை நிறுத்துவோம். அங்கே தேசியோ செவ்வரத்தையோ போதும். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் மரங்களை மறைக்காமல் பட்டியலில் சேர்ப்போம். அடுத்த மாங்காய்க் காலத்திலும் எமது பிள்ளைகள் மரத்தில் ஏறத்தான் போகிறார்கள். அப்போது அந்தக் கிளைகளுக்கு நடுவே கம்பி இருக்கக் கூடாது.