ஆனந்த வருஷம் தை மாதம் 3ந் தேதி

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. என் தந்தையார் பிறந்தபோது, எழுத்தறியாத என் பாட்டனார் யாரிடமோ சொல்லி எழுதி வைத்த குறிப்பு அதில் உள்ளது: “ஆனந்த வருஷம் தை மாதம் 3ந் தேதி வியாழக்கிழமை.” பள்ளிச் சான்றிதழில் இருப்பதோ வேறொரு தேதி. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வயதை உத்தேசமாகக் கணித்து, ஜூன் மாதத்தில் ஒரு நாளைப் போட்டுவிடுவது பல வீடுகளிலும் நடந்ததுதானே!

உண்மையான தேதியை அறியும் ஆவலில், கைப்பேசியில் கிடைத்த ஒரு செயலியில் நோட்டில் உள்ளதை இட்டேன். 1974 ஜனவரி 16 என்று பதில் வந்தது. அன்று புதன்கிழமை. நோட்டிலோ வியாழன்! பாட்டனார் சொன்னது பிழையா, கணிப்பொறி சொன்னது பிழையா?

பாட்டனார் சொன்னதே சரி. ஆனந்த வருஷம் 1974 ஏப்ரலில் பிறந்தது. ஆகவே அதன் தை மாதம் 1975 ஜனவரியில்தான் வரும். அவ்வாண்டு ஜனவரி 14 தை முதல் நாள். 16ந் தேதி, ஐயமின்றி, வியாழக்கிழமை. ‘ஆனந்த என்றால் 1974’ என்று அட்டவணை போட்டவர், சித்திரையில் தொடங்கும் ஆண்டு மார்கழி பாதியிலேயே அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் நுழைந்துவிடும் என்பதை மறந்துவிட்டார். என் தந்தையாருக்கு ஒரு நொடியில் ஒரு வயது கூடிவிட்டது!

கிழமை ஒன்று இல்லாதிருந்தால் இந்தப் பிழை எனக்குத் தெரிந்தே இராது. கல்வெட்டு அறிஞர்கள் கையாண்ட வழியும் இதுவேயாம். எங்கள் ஊர் கோச்சடை. பாண்டியர் கல்வெட்டுகளில் சடையவர்மன் என்ற பட்டம் ‘கோச்சடையவர்மன்’ என்று வரும். அப்பட்டம் பூண்டவர் ஒருவர் அல்லர், பலர். கல்லில் இருப்பதோ ஆட்சியாண்டு, மாதம், திதி, நட்சத்திரம், கிழமை. எந்த நூற்றாண்டு என்பது இராது. கீல்ஹார்னும் நம் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் இவை அனைத்தும் ஒருங்கே பொருந்தும் நாளைக் கணக்கிட்டுத் தேடித்தான் ஒரு பாண்டியனை மற்றொரு பாண்டியனிடமிருந்து பிரித்தறிந்தனர். முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் 1251இல் பட்டமேறினான் என்று நாம் படிப்பது இத்தகைய கணக்கின் பயன். சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரை நாள்வாரியாகப் பஞ்சாங்கம் கணித்து 1922இல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். மின்சாரக் கணிப்பொறி எதுவும் இல்லாத காலம் அது!

இன்றைய மென்பொருள்களில் ‘இந்திய நாட்காட்டி’ என்ற பெயரில் வருவது பெரும்பாலும் சக ஆண்டுதான். மேகநாத சாஹா தலைமையில் 1952இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1957 மார்ச் 22 முதல் அரசு ஏற்றுக்கொண்டது. சைத்திரம் மார்ச் 22இல் தொடங்கும், லீப் ஆண்டாயின் 21இல். விதி எளிது, ஆகவே நிரலும் எளிது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் மாதமோ அத்துணை எளிதன்று. சூரியன் ராசி மாறும் நேரம் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னதாயின் அன்றே மாதப்பிறப்பு; பின்னதாயின் மறுநாள். 2023இல் அது ஜனவரி 14 இரவில் நிகழ்ந்தபடியால் நாம் 15ந் தேதி பொங்கல் வைத்தோம். கேரளத்தில் பகலை ஐந்தாக்கி, மூன்று பங்கு கழியும் நேரத்தை எல்லையாகக் கொள்வர். ஆகவே ஒரே மாதம் இரு மாநிலத்திலும் ஒருநாள் தள்ளிப் பிறப்பதுண்டு. இந்த எல்லையும் நிலையாக நில்லாது. 1863இல் மகர சங்கராந்தியன்று விவேகானந்தர் பிறந்தார். அன்று ஜனவரி 12. ஆனி மாதத்துக்குச் சில ஆண்டுகளில் 32 நாள் உண்டு. தேதிக் கட்டத்தில் 31க்கு மேல் ஏற்காத படிவத்தில் ஆனி 32இல் பிறந்தவர் என்ன செய்வார்?

இதற்கு வழி இல்லாமலில்லை. எல்லா நாட்காட்டியையும் முதலில் ஒரே நாள் எண்ணிக்கையாக மாற்றிக்கொண்டு, அதிலிருந்து வேண்டிய நாட்காட்டிக்குப் போவதுதான் இன்றைய நிரல் முறை. ரெய்ங்கோல்டும் டெர்ஷோவிட்சும் 1997இல் எழுதிய நூல் இதற்குப் பேர்பெற்றது. ஆனால் இது நமக்குப் புதிதா? கலியுகம் தொடங்கியது முதல் கழிந்த நாள்களை ‘அகர்கணம்’ என்று நம் பஞ்சாங்கக்காரர்கள் எண்ணி வந்துள்ளனர். 1947 ஆகஸ்ட் 15க்கு அந்த எண் 18,43,947. ஏழால் வகுத்துப் பாருங்கள், மீதி பூஜ்யம். கலி பிறந்தது வெள்ளிக்கிழமை. நாடு விடுதலை பெற்றதும் வெள்ளிக்கிழமை!

“தமிழ்த் தேதி இனி யாருக்கு வேண்டும்?” என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். தாலுகா அலுவலகத்தில் போய்க் கேட்கட்டும். வருவாய்த் துறைக் கணக்கு இன்றும் பசலியில்தான் நடக்கிறது. ஜூலை 1இல் பிறக்கும் அந்த ஆண்டு; 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. பழைய பத்திரங்களில் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருப்பதும் உண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். 1914இலும் ஆனந்த வருஷம்தான் பிறந்தது. மகன் எழுதிய பத்திரமா, பாட்டன் எழுதியதா என்று ஒரு வழக்கே அதில் தொங்கலாம்.

என் கருத்து இது. தேதியை மாற்றித் தரும் நிரல் எதுவாயினும், மூலத்தில் உள்ளதை அழித்துவிடக் கூடாது. எந்தப் பஞ்சாங்கம், எந்த ஊர், எந்த விதி என்பதை விடையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். கிழமை கொடுக்கப்பட்டிருந்து அது பொருந்தாவிட்டால், விடை கூறாமல் ‘பொருந்தவில்லை’ என்று சொல்லும் நாணயம் அதற்கு வேண்டும். நம் கல்லூரியில் கணிதத் துறையும் வரலாற்றுத் துறையும் ஒரே கட்டடத்தின் இரு மாடிகளில் இருக்கின்றன, பேசிக்கொள்வதுதான் இல்லை. வரும் கோடை விடுமுறையில் இரு துறை மாணவரும் கூடி, முதலில் பசலியிலிருந்து தொடங்கலாம். சோதித்துப் பார்க்க என் வீட்டு நோட்டைக் கொண்டு வருகிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள்.