அப்பீல் வாசல் அடைபடலாகாது

நிர்வாகம் அநீதி செய்தால் யாரிடம் போய் முறையிடுவது? இது வக்கீல்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. பென்ஷன் மறுக்கப்பட்ட முதியவரும், விசாரணையின்றி வேலை பறிக்கப்பட்ட குமாஸ்தாவும் கேட்கும் கேள்வி.

1985-ல் நிர்வாக டிரிப்யூனல் சட்டம் வந்தது. அரசு ஊழியர் வழக்குகள் விரைவாக, குறைந்த செலவில் தீரும் என்றார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் அதே சட்டம் ஹைக்கோர்ட்டின் கதவைச் சாத்தியது. டிரிப்யூனல் தவறினால் டில்லியில் சுப்ரீம் கோர்ட் ஒன்றே கதி! கடைநிலைச் சிப்பந்தி எந்தப் பணத்தைக் கொண்டு டில்லிக்குப் போவார்?

1997 மார்ச்சில், சந்திரகுமார் வழக்கில், ஏழு நீதிபதிகள் இதைத் திருத்தினர். ஹைக்கோர்ட்டின் பரிசீலனை அதிகாரம் அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பைச் சேர்ந்தது, அதைப் பறிக்க முடியாது என்றனர். டிரிப்யூனல் தீர்ப்பை ஹைக்கோர்ட்டில் இரு நீதிபதிகள் பரிசீலிக்கலாம். ஆனால் முதலில் டிரிப்யூனலுக்கே போக வேண்டும் என்றும் விதித்தனர்.

இந்த விதி ஊழியரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை 2003 ஜூலையில் தமிழ்நாடு கண்டது. பறிக்கப்பட்ட சலுகைகளுக்காக வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் மாநில சர்க்கார் விசாரணையின்றி வேலை நீக்கம் செய்தது. குற்றம் சாட்டியதும் சர்க்கார், தண்டித்ததும் சர்க்கார். ஹைக்கோர்ட்டுக்குப் போனவர்களிடம், "டிரிப்யூனலுக்குப் போங்கள்" என்றது டிவிஷன் பெஞ்ச். லட்சக்கணக்கானோர் ஒரு டிரிப்யூனலின் வாசலில் நின்றால் அவர்கள் முறை எந்த யுகத்தில் வரும்?

அப்பீலில், ஆகஸ்டில், சுப்ரீம் கோர்ட் இதை ஏற்கவில்லை. இத்தகைய அசாதாரண நிலையில் ஹைக்கோர்ட் மனுக்களை விசாரித்திருக்க வேண்டும் என்றது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்த பெரும்பாலோருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எஞ்சிய சுமார் 6,000 பேரின் விஷயம் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் பரிசீலனைக்கு விடப்பட்டது. அதே தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்றும் கூறியது. இதை நாம் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

ஆகவே மேல் நீதிமன்றம் எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை. சங்கத்தின் பலமே தொழிலாளியின் முதல் அரண். ஆயினும் அந்த வாசலை மூட விடுவது தற்கொலைக்குச் சமம். மேலே கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற பயம் இல்லாத அதிகாரி, கீழே எதையும் செய்யத் துணிவார்.

தமிழ்நாட்டு நிர்வாக டிரிப்யூனல் 2006-ல் கலைக்கப்பட்டது. வழக்குகள் ஹைக்கோர்ட்டுக்குப் போயின. வாசல் திறந்தது, ஆனால் உள்ளே வரிசை நீண்டது. பத்தாண்டு கழித்து, ஊழியர் ஓய்வுபெற்ற பின் வரும் நியாயம் யாருக்கு நியாயம்?

எனவே நாம் கோருகிறோம்: விசாரணையின்றி எவரையும் வேலை நீக்கம் செய்யாதே! டிரிப்யூனல் உறுப்பினர்களைச் சர்க்காரின் கைப்பிடியிலிருந்து விடுவி! ஹைக்கோர்ட்டின் காலியிடங்களை நிரப்பு! ஊழியர் அப்பீல்களுக்குக் காலக்கெடு விதி! ஏழைக்கு இலவச வக்கீல் உதவி உண்மையில் கிடைக்கச் செய்!

இது சலுகை அல்ல, உரிமை. சங்கங்கள் ஒன்றுபட்டு எழுப்பினால் இக்குரலை எந்த சர்க்காராலும் அலட்சியம் செய்ய முடியாது.