யாருக்கு விலக்கு? மாநில மசோதாக்களும் மக்கள் மொழியும்

2020 ஏப்ரல் 17 அன்று, ஊரடங்கின் நடுவே, குஜராத் மாநில அரசு ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் வேலை நேரத்தை வரையறுக்கும் பிரிவுகளிலிருந்து மாநிலத்தின் தொழிற்சாலைகள் அனைத்துக்கும் மூன்று மாத காலத்துக்கு அது விலக்கு அளித்தது. நாளொன்றுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றது. கூடுதல் நேரத்துக்கு ஊதியம் எவ்வளவு என்ற கேள்வி எழுமல்லவா? அதற்கு அந்த அறிவிக்கை, சட்ட ஆவணங்களில் அரிதாகவே காணக் கிடைக்கும் தெளிவோடு, ஓர் உதாரணமும் தந்தது. எட்டு மணி நேரத்துக்குக் கூலி 80 ரூபாய் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 120 ரூபாய்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு. அந்தக் கணக்கில்தான் சூது இருந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆவது பிரிவு, வரம்பை மீறிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும் என்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரம் சட்டப்படியான வேலை. மணிக்கு 10 ரூபாய் வீதம் அதற்கு 480 ரூபாய். மீதமுள்ள 24 மணி நேரத்துக்கு 20 ரூபாய் வீதம் இன்னொரு 480. ஆக 960 ரூபாய் வாங்க வேண்டிய தொழிலாளியின் கையில், குஜராத் அரசின் கணக்குப்படி 720 ரூபாய் விழும். வாரம் 240 ரூபாய், அதாவது சேர வேண்டிய கூலியில் கால் பங்கு, எளிய உதாரணம் ஒன்றுக்குள் கரைந்து போயிற்று. குஜராத் மஸ்தூர் சபா தொடுத்த வழக்கில் அந்த அறிவிக்கையை 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இடைப்பட்ட காலத்தில் உழைத்தவர்களுக்கு 59ஆவது பிரிவின்படி ஊதியம் வழங்கவும் உத்தரவிட்டது.

மாநில அரசுகள் கொண்டுவரும் மசோதாக்களையும் அறிவிக்கைகளையும் மக்களுக்கு எளிய மொழியில் விளக்க வேண்டும் என்ற கோரிக்கை இன்று பல தரப்பிலிருந்தும் வருகிறது. நியாயமான கோரிக்கை. ஆனால் எளிமை என்பதை வாக்கியத்தின் நீளத்தாலும் சொல்லின் பழக்கத்தாலும் மட்டும் அளந்தால், குஜராத் அறிவிக்கையின் 80 ரூபாய் உதாரணம் முதல் பரிசைத் தட்டிச் சென்றுவிடும். இருந்தது எது, போவது எது என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டாத விளக்கம் எவ்வளவு எளிதாக இருந்தாலும் அது விளம்பரமே.

இதற்கு நேர்மாறான தந்திரமும் உண்டு. அது எண்களுக்குள் ஒளிந்துகொள்வது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் வந்த தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா அதற்குச் சரியான சான்று. சட்டத்தில் 65ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்த அந்த மசோதா, 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகள் அனைத்திலிருந்துமோ சிலவற்றிலிருந்தோ எந்தத் தொழிற்சாலைக்கும் அல்லது தொழிற்சாலைகளின் தொகுப்புக்கும் மாநில அரசு விலக்கு அளிக்கலாம் என்றது. பன்னிரண்டு மணி நேர வேலை என்ற சொற்றொடரை அங்கே தேட வேண்டியதில்லை. ஆறு எண்கள்; அவ்வளவுதான்.

அந்த எண்களைத் திறந்து பார்க்க வேண்டும். 51 என்றால் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற உச்சவரம்பு. 52 என்றால் வார விடுமுறை. 54, நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து உழைத்தவருக்கு அரை மணி நேரமாவது ஓய்வு தருவது 55. ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு தொழிலாளியை ஆலைக்குள் பத்தரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்கலாகாது என்பது 56. கடைசியாக 59, மேலே கண்ட இரட்டிப்பு ஊதியம். உலகத் தொழிலாளி வர்க்கம் ஒன்றரை நூற்றாண்டு காலம் போராடிப் பெற்றதன் இந்தியச் சுருக்கம் இந்த ஆறு எண்களில் அடங்கியிருக்கிறது.

விலக்கு என்ற சொல்லையும் சற்று நின்று கவனிப்பது தகும். வரிவிலக்கு, நீட் விலக்கு என்று பழகிய தமிழ்க் காதுக்கு விலக்கு ஒரு நல்ல சொல். ஒரு சுமையிலிருந்து யாரோ விடுபடுகிறார் என்ற ஆறுதல் அதில் ஒலிக்கிறது. சுமையிலிருந்து விடுபடுபவர் இங்கே யார்? வாக்கியத்தின் இலக்கணமே விடை சொல்கிறது. விலக்கு அளிப்பது அரசு. விலக்குப் பெறுவது தொழிற்சாலை. தொழிலாளி அந்த வாக்கியத்தில் எழுவாயாகவும் இல்லை, செயப்படுபொருளாகவும் இல்லை. ஆங்கில மூலத்திலும் அவர் இல்லை. பிழையின்றிச் செய்யப்படும் எந்த மொழிபெயர்ப்பிலும் அவர் வரப்போவதில்லை. மசோதாவைத் தமிழாக்கினால் போதும், மக்களுக்குப் புரிந்துவிடும் என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வாக்கியத்திலிருந்து அகற்றப்பட்ட மனிதரைத் திரும்ப உள்ளே கொண்டுவருவதுதான் விளக்கத்தின் வேலை. "உங்கள் ஆலை முதலாளி உங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்ற கட்டாயத்தை அரசு இனி ஓர் அறிவிக்கையால் நீக்கலாம்" என்று எழுதினால் அது விளக்கம்.

அந்த மசோதா ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நெகிழ்வான வேலை நேரம் வேண்டும் எனத் தொழில் நிறுவனங்களின் அமைப்புகள் கேட்டுக்கொண்டன என்பதே சொல்லப்பட்ட காரணம். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி, இந்திய கம்யூனிஸ்ட் கட்சி, விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட ஆளும் கூட்டணியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. நெகிழ்வு என்ற மென்மையான சொல்லைத் தொழிற்சங்கங்கள் பன்னிரண்டு மணி நேரம் என்று பெயர்த்துச் சொன்ன பிறகு அந்தச் சட்டத்தால் மூன்று நாள் கூடத் தாக்குப்பிடிக்க இயலவில்லை. ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைக்கப்பட்டது; மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகத்தில் அன்றைய பாஜக அரசு இதே நோக்குடைய திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. மூன்று மாத காலத்துக்கான கூடுதல் நேர உச்சவரம்பை 75 மணியிலிருந்து 145 மணியாக உயர்த்திய அந்தத் திருத்தம் நிலைத்துவிட்டது.

மாநிலச் சட்டமன்றங்களில் இதற்கான நேரமே கிடைப்பதில்லை என்பது தனிக்கதை. பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆய்வு நிறுவனம் தொகுத்த கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றங்கள் சராசரியாக 21 நாட்கள் மட்டுமே கூடின. அவற்றில் நிறைவேறிய மசோதாக்களில் 56 விழுக்காடு அறிமுகமான அன்றோ மறுநாளோ நிறைவேறின. காலையில் மேசைக்கு வந்து மாலையில் சட்டமாகும் ஒன்றை உறுப்பினரே படித்திருப்பாரா என்பது ஐயம். பீடித் தொழிலாளியும் குத்தகை விவசாயியும் எங்கே படிப்பது?

விதிகளே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை என்ற ஒன்றை ஒன்றிய அரசு 2014இல் வகுத்தது. வரைவுச் சட்டத்தைக் குறைந்தது 30 நாட்கள் பொதுவெளியில் வைக்க வேண்டும். முக்கியப் பிரிவுகளை எளிய மொழியில் விளக்கும் குறிப்பையும் சேர்க்க வேண்டும். சுற்றுச்சூழல், அடிப்படை உரிமைகள், மக்களின் வாழ்வாதாரம் ஆகியவற்றின் மீதான தாக்கத்தையும் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்கிறது அது. படித்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சட்டமன்று, நிர்வாக அறிவுரை. வேளாண் சட்டங்களை அவசரச் சட்டங்களாகக் கொண்டுவந்த ஒன்றிய அரசையே அது கட்டுப்படுத்தவில்லை. மாநிலங்களுக்கோ அது பொருந்துவதும் இல்லை.

மொழிச் சிக்கல் இன்னும் ஆழமானது. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது பிரிவின்படி மாநிலச் சட்டமன்றம் தன் மொழியிலேயே சட்டம் இயற்றினாலும், ஆளுநரின் அதிகாரத்தின்கீழ் வெளியாகும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வமான ஆங்கிலப் பாடமாகக் கருதப்படும். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை செல்லும் வழக்கில் அந்த ஆங்கிலமே பேசும். மராத்தியிலோ தமிழிலோ கன்னடத்திலோ மக்கள் படித்தது ஒரு பக்கம், நீதிமன்றம் படிப்பது மறுபக்கம் என்ற நிலை இதனால் வருகிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தபோது, எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் பத்து நாட்களுக்குள் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. அதை நிறைவேற்றுவதை விட்டு, ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு சென்றது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஊதியம் தருவதைவிட வழக்கறிஞர்களுக்குக் கட்டணம் தருவது அதற்கு உவப்பாக இருந்தது போலும்.

கேரளம் வேறொரு வழியைக் காட்டியது. 1980இல் அதன் சட்டமன்றம் துறைவாரியான பொருட்குழுக்களை அமைத்து, அறிமுகமாகும் மசோதாக்களை அவற்றின் ஆய்வுக்கு அனுப்பும் மரபைத் தொடங்கியது. அந்த வழியைத் தவிர்த்தபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. 2020 நவம்பரில் காவல்துறைச் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் அவசரச் சட்டத்தை இடது ஜனநாயக முன்னணி அரசு கொண்டுவந்தது. சமூக ஊடகங்களில் பெண்கள் மீதான அவதூறைத் தடுப்பது நோக்கமாகச் சொல்லப்பட்டது; பிரிவின் வாசகமோ ஊடகம் அனைத்தின் மீதும் பாயக் கூடிய அளவு அகன்றிருந்தது. இடதுசாரிகளிடமிருந்தே எதிர்ப்பு எழ, சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. ஒரு மாத காலம் மலையாளத்தில் விளக்கக் குறிப்போடு வரைவு வெளியாகியிருந்தால் அந்த வாசகம் அரசிதழை எட்டியே இருக்காது. தோழமை அரசுகளுக்கும் சேர்த்தே இந்தக் கோரிக்கையை வைக்க வேண்டியிருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் அனுபவம் கசப்பானது, ஆயினும் பயனற்றதன்று. சிறப்புப் பொதுப் பாதுகாப்பு மசோதா அங்கே 2024 ஜூலையில் முதன்முதலாக அறிமுகமானது. நகர்ப்புற நக்சல்களை ஒடுக்குவதற்கு என்று அரசு விளக்கம் சொன்னது. நிலைநாட்டப்பட்ட சட்டத்துக்கும் அதன் நிறுவனங்களுக்கும் கீழ்ப்படியாமையை ஊக்குவிப்பதும் சட்டவிரோதச் செயல் என்று அதன் வரையறை சொன்னது. தடையை மீறிய ஊர்வலமும் நில மீட்புப் போராட்டமும் அந்த வரையறைக்குள் அடங்கும் என்பதை இடதுசாரிக் கட்சிகளும் ஜனநாயக அமைப்புகளும் எடுத்துக் கூறின. டிசம்பரில் மீண்டும் அறிமுகமாகி இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்குச் சென்ற மசோதாவின் மீது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. குழு சில திருத்தங்களைச் செய்தது. 2025 ஜூலை 10 அன்று சட்டமன்றம் அதை நிறைவேற்றியபோது, அவையில் எதிர்த்து நின்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் டஹாணு தொகுதி உறுப்பினர் வினோத் நிகோலே ஒருவரே. பன்னிரண்டாயிரம் பேர் பேசியது அவைக்குள் ஒற்றைக் குரலாகச் சுருங்கியது. ஆனால் அடுத்த முறை எந்த வாசகத்தைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதை அந்தப் பன்னிரண்டாயிரம் பேர் அறிவர்.

எளிய மொழியில் எழுதினால் சட்டத்தின் துல்லியம் கெட்டுவிடும் என்ற ஆட்சேபம் வழக்கமாக வரும். விளக்கக் குறிப்பு சட்டத்தின் இடத்தில் அமர வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. மசோதாவின் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே பழைய பிரிவின் வாசகமும், இரண்டுக்கும் இடையே மாறுவது என்ன என்பதும் மாநில மொழியில் இருக்கட்டும். ஊதியமோ நிலமோ வாடகையோ தொடர்புடையதாக இருந்தால், ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு முன்பு எவ்வளவு, இனி எவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டட்டும். இந்த மாற்றத்தைக் கேட்டவர் யார் என்பதையும் எழுதட்டும்; தொழில் அமைப்புகளின் கோரிக்கை மனுவைத் தொழிற்சங்கத்துக்கு மறைப்பதில் எந்தத் துல்லியமும் காப்பாற்றப்படுவதில்லை. அனைத்துக்கும் மேலாக, சட்டமன்றம் முடிவு செய்யாமல் பின்னால் விதிகளுக்கும் அறிவிக்கைகளுக்கும் விட்டுவைக்கும் இடங்களைத் தனியே சுட்டிக்காட்ட வேண்டும். ஆபத்து பெரும்பாலும் அந்த இடங்களில்தான் பதுங்கியிருக்கிறது. இவை அனைத்தும் மாநிலச் சட்டமன்றங்களின் நடைமுறை விதிகளில் ஏற வேண்டும். அறிவுரைக் கொள்கைகளின் கதி என்ன என்பதை 2014க்குப் பிந்தைய ஆண்டுகள் காட்டிவிட்டன.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களையும் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது பணிப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு நிற்கிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று அதன் 25ஆவது பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டி, தொழிலாளிக்கு எந்த இழப்பும் இல்லை என்று அமைச்சர்கள் பேசுகிறார்கள். அதே பிரிவின் அடுத்த வரி, இடைவேளை எவ்வளவு, இடைவேளையையும் சேர்த்து ஆலைக்குள் இருக்க வேண்டிய மொத்த நேரம் எவ்வளவு என்பவற்றை உரிய அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிடுகிறது. பழைய 56ஆவது பிரிவில் பத்தரை என்று எழுதப்பட்டிருந்த இடத்தில் இப்போது எண் இல்லை. மாநிலங்கள் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கின்றன. வரைவு வெளியாகும் அன்றே அதில் எந்த எண் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஆலை வாயிலில் வாசித்துக் காட்டும் பொறுப்பு, அரசு அதைச் செய்யும் வரை, தொழிற்சங்கக் கிளைகளுடையது.