மூன்று தட்டுகளும் நம் மௌனமும்

மீட்டருக்கு மேலே ஒன்றரை மடங்கு. பெங்களூரில் இரவு நேரத்தில் ஆட்டோவுக்குக் கை காட்டிய எவருக்கும் இந்தப் பேரம் தெரியும். அதையே தலைப்பாக்கி ‘மீட்டர் மேலே ஒன் அண்ட் எ ஹாஃப்’ என்று ஒரு பாட்டுப் போட்டது இந்த ஊர் ராக் குழுவான தெர்மல் அண்ட் எ குவார்ட்டர். அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘3 வீல்ஸ் 9 லைவ்ஸ்’ மூன்று குறுந்தட்டுகள் கொண்ட ஆல்பம். 2012இல் வந்தது. தமிழில் அதற்கு ஒரு முழு மதிப்புரை இதுவரை எங்கள் கண்ணில் படவில்லை. இந்தத் தலையங்கம் அதைப் பற்றியதுதான்.

குழு தொடங்கியது 1996இல். மூன்று மலையாளிகளும் ஒரு கால் மலையாளியும் சேர்ந்ததால் பிறந்த பெயர் என்பார்கள். பாடகரும் கிட்டார் கலைஞருமான புரூஸ் லீ மணி, டிரம்ஸ் வாசிக்கும் ராஜீவ் ராஜகோபால் இருவரும் நெடுங்காலமாக அதன் தூண்கள். கல்லூரி விழாக்களிலும் பப்களிலும் வெளிநாட்டுக் குழுக்களின் பாட்டை அச்சு அசலாக வாசித்தால்தான் கைதட்டல் என்றிருந்த காலத்தில் இவர்கள் சொந்தப் பாட்டையே பிடிவாதமாக வாசித்தார்கள். 2000இல் முதல் ஆல்பம், 2002இல் ‘ஜுபிட்டர் கஃபே’. பிறகு ‘பிளான் பி’ ஆல்பத்தை இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள்.

இவர்களுடைய ராக் இசைக்குள் ஜாஸ் ஸ்வரக்கட்டுகளும் ஃபங்க் தாளத் துள்ளலும் கலந்திருக்கின்றன. கிட்டார் வீறிட்டு எழும் என்று காது எதிர்பார்க்கும் இடத்தில் மணி சட்டென ஒதுங்கி, பேஸுக்கும் டிரம்ஸுக்கும் வழிவிடுகிறார். ‘3 வீல்ஸ் 9 லைவ்ஸ்’ ஆல்பத்தில் வாசிப்பவர்கள் அடிப்படையில் மூவர்தான் என்பதால், யார் எப்போது பேசாமல் இருக்கிறார் என்பதும் நமக்குக் கேட்கிறது. கைப்பேசியில் ஒற்றைப் பாட்டாக இறக்கிக் கேட்கும் பழக்கம் ஊன்றிவிட்ட நேரத்தில் மூன்று தட்டுகளை நீட்டி, உட்கார்ந்து கேள் என்றது பெரிய துணிச்சல். மூன்றும் ஒரே தரத்தில் நிற்கின்றன என்று சொல்லமாட்டோம். நீளம் சில இடங்களில் சோர்வு தருகிறது. அந்தச் சோர்வை எடுத்துச் சொல்லவாவது தமிழில் ஒருவர் எழுதியிருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இத்தகைய இசைக்கு எழுத்து இருக்கிறது. 1993இல் அமித் சைகல் அலகாபாத்திலிருந்து ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழைத் தொடங்கினார். இந்திய ராக் குழுக்கள் ஒன்றையொன்று அறிந்துகொண்டதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பம்பாயோ தில்லியோ அல்லாத ஓர் ஊரிலிருந்து, பிடித்த இசைக்காக ஒருவர் இதழ் நடத்துவதைச் சிற்றிதழ் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ‘ரோலிங் ஸ்டோன்’ இந்தியப் பதிப்பு வந்தது அதற்கெல்லாம் பிறகு, 2008இல்தான்.

தமிழிலோ பாட்டு என்றாலே சினிமா. 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தை நாம் வியந்த அளவுக்கு விவாதிக்கவில்லை. மலையாளத்திலும் சினிமாவின் வாசல் பெரியதுதான். 2008இல் ஆல்பம் கொண்டுவந்த அவியல் குழு, 2011இல் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்தில் ‘ஆனக்கள்ளன்’ பாடியபோது ராக் கேட்காத வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. படத்தின் துணையில்லாத ஆல்பத்தை எடைபோட நம்மிடம் சொற்கள்கூடச் சேரவில்லை.

இது கன்டோன்மென்ட் ஆங்கிலக்காரர்களின் இசை, நமக்கு என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பாட்டு ஆங்கிலத்தில் இருப்பது உண்மை. ஆனால் சிவாஜி நகரிலும் அல்சூரிலும் ஆட்டோ ஓட்டுகிறவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பேரம் ராக் பாட்டாகிறது. பாட்டில் ஓட்டுநர் என்னவாகத் தெரிகிறார், பயணியின் எரிச்சல் மட்டும்தான் கேட்கிறதா, இல்லை இருவரின் பாடும் கேட்கிறதா? இதைக் கேட்க நம்மைவிட உரிமையுள்ளவர் யார்? போலந்துப் படத்துக்கும் லத்தீன் அமெரிக்க நாவலுக்கும் பக்கம் ஒதுக்கிய நாம், எம்.ஜி. ரோட்டில் வாசிக்கப்படும் கிட்டாரைத் தூரத்துச் சரக்காகப் பார்ப்பது நியாயமில்லை. விமர்சகர் தமிழவனும் நண்பர்களும் ‘படிகள்’ சிற்றிதழைக் கொண்டுவந்ததும் இதே ஊரிலிருந்துதான். வெகுசனப் பண்பாட்டையும் ஆராயவேண்டிய பொருளாக எடுத்துக்கொண்ட மரபு நமக்கு உண்டு.

கைக்காசு போட்டு, சில நூறு பேரை நம்பி ஒன்றை வெளியிடுவது எப்படியிருக்கும் என்று சிற்றிதழ்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழை 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் நடத்தினார். வாங்கியவர்கள் குறைவு, ஆனால் வாங்கியவர்கள் சண்டைபோட்டு எழுதினார்கள், புதுக்கவிதை அந்தச் சண்டையில் வளர்ந்தது. நம் ஊர் இசைக்காரர்களுக்குக் கைதட்டல் கிடைக்கிறது, அந்தச் சண்டை கிடைப்பதில்லை.

அடுத்த இதழ் முதல் ஆல்பம் மதிப்புரைக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்குகிறோம். முதலில் இதே குழுவின் 2020ஆம் ஆண்டு ஆல்பமான ‘எ வேர்ல்ட் கான் மேட்’. தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் எந்த மொழிப் பாட்டானாலும் சரி. ஆல்பத்தை முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுங்கள். வரிகளுக்குப் பொருள் சொல்வதோடு நிற்காமல் தாளத்தையும் பேஸையும் ஒலிப்பதிவையும் பற்றி எழுதுங்கள். பிடிக்கவில்லையென்றால் எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று குறிப்பிடுங்கள். கன்னடத்தில் எழுதியனுப்பினால் நாங்களே மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.