நடந்து போனவன் யார்? நம்ம ஊர் விவசாயிதான்!

 

2020 மே மாதம் 5ஆம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே மூட்டை தூக்கிப் பிழைத்துக்கொண்டிருந்த நம்ம பக்கத்துப் பிள்ளைகள், கிடைத்த காய்கறி லாரியில் ஏறி கடலூர், அரியலூர், விழுப்புரம், பெரம்பலூர் என்று சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த பிள்ளைகளை நாம் எப்படி வரவேற்றோம்?

எங்க ஊரில் ஏரிக்கரை ரோட்டில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தோம். நானும்தான் அரிவாள் எடுத்துக்கொண்டு போனேன், மறைக்க விரும்பவில்லை. முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் ஒருவன் என் பங்காளி மகன். "பெரியப்பா, தண்ணியாவது குடுங்க" என்று கேட்டான். ஒரு குடத்தைக் கொண்டுபோய் எட்ட வைத்துவிட்டு, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். பதினாலு நாள் பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்தான். டிவியில் சொன்ன பயம் அப்படி.

அவன் எதற்காகக் கோயம்பேட்டுக்குப் போனான்? அரைக் காணி மானாவாரி நிலம். பருத்தி போட்டு ரெண்டு வருஷம் கடன்தான் மிச்சம். நிலத்தை விற்க மனசில்லாமல், நிலத்தைக் காப்பாற்றவே மூட்டை தூக்கப் போனான். அந்த வருஷம் நாட்டுச் சாலைகளில் நடந்த லட்சக்கணக்கான பேர் கதையும் பெரும்பாலும் இதுதான். பேப்பரில் "புலம்பெயர் தொழிலாளி" என்று போட்டார்கள். ஊரில் அவனுக்குப் பெயர் சிறு விவசாயி. விளைச்சலுக்கு விலை கிடைத்திருந்தால் அவன் ஏன் ஆயிரம் மைல் தள்ளிப் போய்ச் செங்கல் சுமக்கிறான்?

நாலு மணி நேரம்!

2020 மார்ச் 24 ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் டிவியில் வந்தார். 12 மணியிலிருந்து நாடு முழுக்க 21 நாள் அடைப்பு என்றார். நாலே மணி நேரம். ரயில் இல்லை, பஸ் இல்லை, வேலை இல்லை. வாடகை வீட்டுக்காரன் கேட்பான், மேஸ்திரி போனை எடுக்க மாட்டான். நாத்து விட்டுவிட்டு நடவை ஒரு வாரம் தள்ளிப் போடுவதற்கே நாம் எவ்வளவு யோசிக்கிறோம்! 130 கோடி ஜனங்களை அடைக்க நாலு மணி நேரம் போதும் என்று நினைத்தவர்களுக்கு, தினக்கூலிக்காரன் வீட்டில் மறுநாள் அடுப்பு எப்படி எரியும் என்று தெரியாதா?

நோய் வந்தால் தடுக்க வேண்டாமா என்று கேட்கலாம். தடுக்கத்தான் வேண்டும். ஆனால் கையில் காசும் வீட்டில் அரிசியும் கொடுத்துவிட்டு இருக்கச் சொன்னால் இருப்பான். ஒன்றும் கொடுக்காமல் இரு என்றால் நடக்கத்தான் செய்வான்.

மார்ச் 28ஆம் தேதி தில்லி ஆனந்த் விஹார் பஸ் நிலையத்தில் ஜனவெள்ளம். மறுநாளே மத்திய அரசு உத்தரவு போட்டது: மாநில எல்லை, மாவட்ட எல்லை எல்லாவற்றையும் மூடு, யாரையும் நகர விடாதே. உத்தரப் பிரதேசம் பரேலியில், ஊர் திரும்பியவர்களை ரோட்டில் உட்கார வைத்துக் கிருமிநாசினி மருந்தைப் பீய்ச்சி அடித்தார்கள். நாம் செடிக்கு மருந்தடிப்பதுபோல. மார்ச் 31ஆம் தேதி அரசு வக்கீல் உச்ச நீதிமன்றத்தில், இப்போது ரோட்டில் யாரும் நடக்கவில்லை என்று சொன்னார். நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு சேதியை மட்டும் நம் விவசாயிகள் மறக்கக் கூடாது. சத்தீஸ்கர் மாநிலம் பிஜாப்பூர் மாவட்டத்து ஆதிவாசிச் சிறுமி, வயது 12. தெலங்கானாவுக்கு மிளகாய் பறிக்கப் போனவள். வேலை நின்றுபோனதும் கூட வந்தவர்களோடு காட்டுப் பாதையில் மூன்று நாள் நடந்தாள். 2020 ஏப்ரல் 18ஆம் தேதி, ஊர் எட்டும் தூரத்தில் இருக்கும்போது செத்துப் போனாள். கொரோனா இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. உடம்பில் நீர் வற்றிப்போய் இறந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை மிளகாய்க் காட்டில் ஏன் நின்றாள் என்றும் கேட்க வேண்டும். அந்த மிளகாயைப் பயிரிட்டவனும் நம்மைப்போல ஒரு விவசாயிதானே.

மே 8ஆம் தேதி விடியற்காலையில் மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் பக்கத்தில் 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டுச் செத்தார்கள். ஜால்னாவில் இரும்பு ஆலையில் வேலை பார்த்த மத்தியப் பிரதேசத்துக்காரர்கள். ரயில் ஓடவில்லை என்று நம்பித் தண்டவாளத்திலேயே அசந்து தூங்கிவிட்டார்கள். தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊர் திரும்பும்போது எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டபோது அரசாங்கம் சொன்ன பதில்: அப்படிப்பட்ட கணக்கு இல்லை. ஊர் திரும்பியவர்கள் 1 கோடிக்கு மேல் என்ற கணக்கு மட்டும் இருந்தது. நம்ம வீட்டு மாட்டுக்குக்கூடக் காதில் நம்பர் போட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள்!

விரட்டத் தெரிந்தவர்களுக்குப் பிடித்து வைக்கவும் தெரியும்

மே 1ஆம் தேதிதான் தொழிலாளர் ரயில் விட்டார்கள். தெலங்கானாவிலிருந்து ஜார்கண்டுக்கு முதல் வண்டி. அதிலும் டிக்கெட் காசு யார் கொடுப்பது என்று மத்திய அரசும் மாநில அரசும் இழுத்தடிக்க, பல பேர் கடன் வாங்கி டிக்கெட் எடுத்தார்கள். தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல மே 28 ஆனது.

இதற்கு நடுவில் கர்நாடகத்தில் நடந்ததைக் கவனியுங்கள். மே 5ஆம் தேதி முதலமைச்சர் கட்டட முதலாளிகளைச் சந்தித்துப் பேசினார். உடனே, இனிமேல் ரயில் வேண்டாம் என்று ரயில்வேக்குக் கடிதம் போனது. ஆள் போய்விட்டால் கட்டடம் யார் கட்டுவது? எதிர்ப்புக் கிளம்பியதும் ரெண்டு மூணு நாளில் மறுபடி ரயிலுக்குச் சம்மதித்தார்கள். அதே மே மாதம் உத்தரப் பிரதேச அமைச்சரவை, பெரும்பாலான தொழிலாளர் சட்டங்களை மூன்று வருஷம் நிறுத்தி வைக்க அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆளை நகர விடாமல் வைத்தால் கூலியைக் குறைக்கலாம். அவ்வளவுதான் சம்பந்தம்.

முதலாளிகளை மட்டும் சொன்னால் பாதி நியாயம்தான். நம்ம வர்க்கமும் அந்த வருஷம் ஒரு தப்புப் பண்ணியது. பஞ்சாபில் ஜூன் மாதம் நெல் நடவு. வழக்கமாக வரும் பீகார், உத்தரப் பிரதேச ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஏக்கருக்கு 2,500, 3,000 என்று இருந்த நடவுக் கூலி 4,000, 5,000க்கு மேல் ஏறிவிட்டது. உடனே பல கிராமப் பஞ்சாயத்துகளில் தீர்மானம் போட்டார்கள்: இவ்வளவுக்கு மேல் கூலி கொடுக்கக் கூடாது, உள்ளூர்த் தொழிலாளி வெளியூருக்கு நடவுக்குப் போகக் கூடாது, மீறினால் அபராதம், ஊர் விலக்கு. கர்நாடகத்தில் முதலமைச்சர் செய்ததும் பஞ்சாயத்துத் தலைவர் செய்ததும் ஒரே காரியம்.

விவசாயி பக்கத்துக் கஷ்டம் எனக்குத் தெரியாதா? அந்த ஜூன் மாதம் மத்திய அரசு நெல்லுக்கு ஏற்றிய ஆதரவு விலை குவிண்டாலுக்கு 53 ரூபாய். 1,815 என்பது 1,868 ஆனது. கிலோவுக்கு 53 பைசா! இதை வைத்துக்கொண்டு ஏக்கருக்கு ரெண்டாயிரம் கூடக் கூலி எப்படிக் கொடுப்பான்? ஆனால் கோபம் யார் மேல் போக வேண்டும்? 53 பைசா கொடுத்தவன் மேலா, குனிந்து நாத்து நடுகிறவன் மேலா? பஞ்சாப் விவசாயிக்கும் இது சீக்கிரமே புரிந்தது. ஜூன் 5ஆம் தேதி, ஊரடங்கைச் சாக்காக வைத்து மூன்று வேளாண் அவசரச் சட்டங்கள் வந்தன. நவம்பரில் தில்லி எல்லைக்குக் கிளம்பியபோது அவர்கள் போட்ட முழக்கம் விவசாயி – தொழிலாளி ஒற்றுமை. ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து 2021 நவம்பரில் அந்தச் சட்டங்களை வாபஸ் வாங்க வைத்தார்கள்.

வேறு மாதிரி நடந்துகொண்டவர்களும் உண்டு. தில்லியில் காளான் வளர்க்கும் ஒரு விவசாயி, தன்னிடம் வேலை பார்த்த பத்துப் பீகாரிகளுக்கு விமான டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பி வைத்தார். நம்மால் விமானம் எல்லாம் முடியாது. பஸ் காசு முடியும்.

இப்போது நம்ம வயலுக்கு வருவோம்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இப்போது நடவு நடுவது யார்? மேற்கு வங்கத்திலிருந்து கோஷ்டி கோஷ்டியாக வருகிறார்கள். மேஸ்திரியிடம் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி விடுகிறோம். நட்டவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. பம்ப்செட் கொட்டகையில் படுக்கிறான், உருளைக்கிழங்கை வேகவைத்துச் சாப்பிடுகிறான், நாலு நாளில் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான். அவனும் அங்கே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவன்தான், கேட்டுப் பாருங்கள். நம்ம பிள்ளை திருப்பூரிலும் கேரளத்திலும் இருக்கிற மாதிரி அவன் இங்கே இருக்கிறான்.

2023 மார்ச்சில், பீகார் ஆட்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோவைப் பரப்பினார்கள். அரசியல் லாபத்துக்காகச் சிலர் அதை ஊதிப் பெரிதாக்கினார்கள். பயந்துபோய்ப் பலர் ரயில் ஏறிவிட்டார்கள். பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது; வீடியோ பொய் என்று தெரிந்தது. நோயே வேண்டாம், ஒரு செல்போன் பொய் போதும் மனுஷனை ஊரை விட்டு ஓட வைக்க. நாளைக்கு மறுபடி ஒரு ஊரடங்கு வந்தால் அந்தக் கொட்டகையில் இருப்பவனுக்கு யார் சோறு போடுவது? 1979இல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 5 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பதிவு, பயணப்படி, தங்க இடம் என்று சொன்னது. காகிதத்தில்தான் இருந்தது என்றாலும் இருந்தது. அதைப் புதிய சட்டத் தொகுப்பில் கரைத்து 5ஐ 10 ஆக்கிவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமல் என்று அறிவித்தார்கள்.

இன்னொன்று. 2020இல் ஊர் திரும்பியவனுக்குக் கஞ்சி ஊத்தியது நூறு நாள் வேலைதான். அந்தத் திட்டத்தை மாற்றி 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். 125 நாள் என்கிறார்கள். ஆனால் செலவில் 40 பங்கு மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடை சமயத்தில் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் அதில் இடம் வைத்திருக்கிறார்கள். "ஆள் கிடைக்கும், நமக்கு நல்லதுதானே" என்று டீக்கடையில் நம்ம ஆட்களே பேசுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவனுக்கு வேறு வழி இல்லாமல் அடைத்துவிட்டு நம் வயலுக்கு அனுப்புவது, 2020இல் ரயிலை நிறுத்திய புத்திதான். நம்மில் முக்கால்வாசிப் பேர் வீட்டுப் பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் என்பதையும் மறந்துவிட்டுப் பேசுகிறோம்.

ஆகவே வருகிற கிராம சபையில் நம் சங்கம் வைக்கப்போகும் கோரிக்கைகளுக்கு எல்லோரும் கை தூக்க வேண்டும். வெளியூருக்குப் பிழைக்கப் போன நம் ஊர் ஆட்களுக்கும், நம் ஊருக்கு வேலைக்கு வரும் வெளிமாநில ஆட்களுக்கும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரே பதிவேடு வேண்டும். வெளிமாநில ரேஷன் கார்டுக்கு இங்கே அரிசி உண்டு என்று 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டிலும் விதி இருக்கிறது; நம் ரேஷன் கடையில் அதைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். ஊரடங்கு, வெள்ளம் எது வந்தாலும் யாருக்கும் ஊர் வழியை அடைப்பதில்லை என்று தீர்மானம் போட வேண்டும். நெல்லுக்கு விலை போடும்போது நடவுக் கூலி, அறுப்புக் கூலி ஏறியதை முழுசாகக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அரசுக்கு அனுப்ப வேண்டும்.

மூணாவது தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். பங்காளி மகன் வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறான். நடவுக்கு ஆள் பேசியிருப்பவர்கள், மேஸ்திரியிடம் கேட்டு ஆட்களின் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.