விடை கிடைத்துவிட்டது, விளக்கம் எங்கே?

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேரன் சென்ற மாதம் மின்சாரம் பற்றித் தான் எழுதிய கட்டுரையைக் காட்டினான். ஒரு பிழை இல்லை. "ஃப்யூஸ் ஏன்டா உருகுகிறது?" என்று கேட்டேன். "அதிலேயே இருக்கே தாத்தா, படிங்க" என்றான். எழுதியது கணினி, இவன் பிரதி எடுத்தவன். கோபம் வந்தது. ஆனால், பாலிடெக்னிக்கில் நாங்களும் நோட்ஸை உருப்போட்டுத்தானே தேறினோம்!

வகுப்பறைக்குக் கருவி வருவது நம் நாட்டில் புதிதல்ல. 1975-76இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி சென்றது. 1984இல் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்குக் கணினி வந்தது. 2004இல் எஜுசாட், 2017இல் தீக்ஷா. எல்லாமே பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. மாணவனுக்குப் புரிந்ததா என்று கேட்கும் வேலை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

நான் இரயில்வேயில் சேர்ந்தபோது சிக்னல் கேபினில் லீவர்கள். பிறகு பேனல், அதன்பின் எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங். கருவிகள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை: பாயிண்ட் சரியாக அமைந்து பூட்டப்படாமல் சிக்னல் கொடுக்க முடியாது. இந்த 'ஏன்' புரிந்தவர்கள் புதியதை விரைவில் பழகிக்கொண்டார்கள். பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், பழுது வந்த இரவில் கையைப் பிசைந்து நின்றார்கள். முதல் வருடம் நானும் அப்படி நின்றவன்தான்.

எனவே என் கருத்து இது. கட்டுரையைக் கணினி எழுதட்டும். ஆனால் வகுப்பில் மாணவன் அதைத் தன் வார்த்தையில் இரண்டு நிமிடம் விளக்க வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் தினம் ஐந்து பேர் என்றால் எட்டு நாளில் எல்லாரும் பேசிவிடலாம். அதற்கும் மதிப்பெண் வேண்டும். இல்லாவிட்டால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மனப்பாடத்தைக் குறைக்கச் சொல்லும் 2020 கல்விக் கொள்கை, தேர்வுத் தாளிலும் தெரிய வேண்டாமா? வீட்டில் கருவி இல்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கணினி அறை மாலையிலும் திறந்திருக்க வேண்டும். 2020இல் ஒரே கைபேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்ததை மறக்கலாமா?

நம் சங்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறோம். ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பின் அரை மணி நேரம் பிள்ளைகளிடம் 'ஏன்' என்று கேட்க நாம் உட்காரலாமே.

மறுநாள் பழைய ஃப்யூஸ் கட்டை ஒன்றைப் பேரன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தாத்தா, இந்தக் கம்பி மட்டும் ஏன் இவ்வளவு மெல்லிசு?" என்றான். அன்றுதான் பாடம் தொடங்கியது.